பாரசீக மொழியும் இலக்கியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பரவாயில்லை’ என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! அதில் ‘பரவா’ பாரசீகம், ‘இல்லை’ தமிழ். ‘பர்வா’ என்றால் கவலை. ‘கவலை இல்லை’ என்பதைத்தான் பாதி அந்த மொழியிலும் பாதி நம் மொழியிலும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாரசீகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பாரசீகம், பார்சி, ஃபார்ஸி: எது சரி?

எல்லாம் ஒன்றுதான். ஈரானின் தென்மேற்கில் உள்ள ‘பார்ஸ்’ என்ற மாகாணத்தின் பெயரிலிருந்து வந்தவை. அரபியில் ‘ப’ ஒலி கிடையாது. அதனால் பார்ஸ் ‘ஃபார்ஸ்’ ஆனது, பார்சி ‘ஃபார்ஸி’ ஆனது. ஈரானியர்களே இன்று ஃபார்ஸி என்றுதான் சொல்கிறார்கள். பாரசீகம் என்பது தமிழில் நெடுநாளாக வழங்கும் பெயர், எனக்குப் பிடித்ததும் அதுதான். மும்பையில் வாழும் பார்சி மக்களின் பெயரும் இதே வேரில் வந்தது. அவர்கள் ஈரானிலிருந்து வந்த ஜரதுஷ்டிரச் சமயத்தவர். பேசுவதோ பெரும்பாலும் குஜராத்தி.

அரபி எழுத்தில் எழுதுகிறார்களே, அரபியின் கிளைமொழியா?

இல்லை. குடும்பமே வேறு. சமஸ்கிருதம், இந்தி, ஆங்கிலம் எல்லாம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது பாரசீகம். அம்மா ‘மாதர்’, அப்பா ‘பெதர்’, சகோதரன் ‘பராதர்’, ஐந்து ‘பஞ்ச்’, பெயர் ‘நாம்’. கேட்டாலே உறவு தெரிந்துவிடும். எழுத்தை மட்டும் அரபியிலிருந்து எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத ப, ச (‘பச்சை’யில் வருவது), ஃபிரெஞ்சு ‘ஜ’, க (‘கங்கை’யின் முதல் ஒலி) ஆகிய ஒலிகளுக்கு நான்கு எழுத்துகளைச் சேர்த்தார்கள். 28 எழுத்து 32 ஆனது. அரபிச் சொற்களும் ஏராளமாகக் கலந்திருக்கின்றன. இலக்கணம் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

தமிழருக்கு ஒரு வசதி: நம்மைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். இன்னொன்று, பாரசீகத்தில் அவன், அவள் என்ற வேறுபாடே கிடையாது. ‘ஊ’ என்ற ஒரே சொல்தான் இருவருக்கும். கவிதைக்கு வரும்போது இந்தச் சின்ன விஷயம் பெரிதாகும். அங்கே திரும்ப வருகிறேன்.

எவ்வளவு பழைய மொழி?

கல்வெட்டுச் சான்று கி.மு. ஆறாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. மேற்கு ஈரானில் பெஹிஸ்துன் என்ற மலையில், முதலாம் தாரியஸ் மன்னன் கி.மு. 520 வாக்கில் தன் வெற்றிகளைப் பழைய பாரசீகம், ஏலமியம், பாபிலோனியம் என மூன்று மொழிகளில் ஆப்பு வடிவ எழுத்தில் செதுக்கி வைத்தான். அவன் கல்வெட்டுகளில் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் பட்டியல் வரும், அதில் ‘ஹிந்துஷ்’ என்று ஒரு பெயர். சிந்து நதியின் ‘ஸ’ அவர்கள் வாயில் ‘ஹ’ ஆகிவிட்டது. இந்து, இந்தியா என்ற பெயர்களெல்லாம் அந்த உச்சரிப்பிலிருந்து கிளம்பியவைதான்.

அதன் பிறகு வந்தது நடுப் பாரசீகம், அதாவது பஹ்லவி. கி.பி. 224 முதல் 651 வரை ஆண்ட சாசானியர்களின் மொழி. அந்தக் காலத்தில் குஸ்ரோ அனுஷிர்வான் என்ற அரசனின் அவையிலிருந்த புர்ஸோய் என்ற மருத்துவர் நம் பஞ்சதந்திரத்தைப் பஹ்லவியில் பெயர்த்தார். எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபா அதை அரபியாக்கினார், ‘கலீலாவும் திம்னாவும்’ என்று பெயர். கரடகனும் தமனகனும்தான் அந்த இருவர்! நம் நரிகள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது பாரசீகம் போட்ட பாதை வழியாகத்தான்.

அரபியர் வென்ற பிறகு எகிப்தும் சிரியாவும் அரபி பேசத் தொடங்கிவிட்டன. ஈரான் மட்டும் ஏன் மாறவில்லை?

இந்த மொழியின் வரலாற்றிலேயே முக்கியமான கேள்வி இது.

651-இல் கடைசி சாசானிய மன்னன் மூன்றாம் யஸ்தகர்த் மெர்வ் நகருக்கு அருகே கொல்லப்பட்டான். அதன் பிறகு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அரசு, சமயம், அறிவு எல்லாம் அரபியில்தான். ஈரானிய அறிஞர்களே அரபியில் எழுதினார்கள், அதுவும் அபாரமாக எழுதினார்கள். ஆனால் வீட்டிலும் சந்தையிலும் பாரசீகம் போகவில்லை. கலீஃபாக்களின் தலைநகர் பாக்தாதிலிருந்து தொலைவில், கிழக்கே குராசானிலும் ஆமு நதிக்கு அப்பாலும், உள்ளூர் வம்சங்கள் தலையெடுத்தபோது மொழியும் தலையெடுத்தது.

சீஸ்தானின் பழைய வரலாற்று நூல் ஒரு சம்பவம் சொல்கிறது. செப்பு வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து அரசனான யஅகூப் என்பவனை ஒரு புலவர் அரபியில் புகழ்ந்து பாடினார். “எனக்குப் புரியாததை ஏன் பாடுகிறீர்கள்?” என்று கேட்டான் அவன். உடனே அவனுடைய செயலர் பாரசீகத்தில் பாடிக் காட்டினாராம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கதை.

அடுத்து புகாராவைத் தலைநகராகக் கொண்ட சாமானியர்கள் என்ற அரச வம்சத்தினர். அவர்கள் அவையில் இருந்தவர் ரூதகீ (இறப்பு 941), இன்றைய தஜிகிஸ்தானில் பிறந்தவர். பாரசீகக் கவிதையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவரைப் பற்றிய கதை ஒன்று. அந்த வம்சத்து அரசர் அமீர் நஸ்ர் ஹெராத் நகரின் பழங்களிலும் காற்றிலும் மயங்கி நான்கு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். உடன் வந்தவர்களுக்கோ வீட்டு நினைவு. அவர்கள் ரூதகீயிடம் போய்க் கெஞ்ச, மறுநாள் காலையில் அவர் புகாராவின் மூலியான் ஓடையின் மணம் வருகிறது என்று தொடங்கும் பாட்டை யாழோடு பாடினார். பாட்டு முடிவதற்குள் அமீர் எழுந்து, காலணிகூட அணியாமல் குதிரையேறி புகாராவை நோக்கிப் பறந்துவிட்டாராம். காலணியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நடந்ததோ புனைந்ததோ, ஒரு மொழி மீண்டும் எழுந்து நின்றதைச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

ஆக, பாரசீகம் அரபியை எதிர்த்து ஒதுக்கிப் பிழைக்கவில்லை. எழுத்தையும் சொற்களையும் யாப்பையும் வாங்கிக்கொண்டு, உள்ளே தன் இலக்கணத்தையும் தன் கதைகளையும் காத்துக்கொண்டது.

ஃபிர்தௌசிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

அந்தக் கதைகளைக் காத்தவர் அவர் என்பதால். தூஸ் நகரத்துக்காரர். ஏறத்தாழ 940-இல் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1010-இல் ‘ஷாநாமா’வை முடித்தார். சுமார் 50,000 ஈரடிகள். உலகத் தோற்றத்திலிருந்து அரபியர் வருகை வரை ஈரானின் அரசர்கள், வீரர்கள் கதை. அரபிச் சொற்கள் அதில் மிகக் குறைவு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த மொழி இன்றைய ஈரானியருக்குப் பெரும்பாலும் புரிகிறது. கம்பனை உரை இல்லாமல் படிக்க நாம் படும் பாட்டை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அதில் ஒரு கதை மட்டும் சொல்கிறேன். ருஸ்தம் மாவீரன். தஹ்மினா என்ற இளவரசியை மணந்து, பிறக்கும் பிள்ளைக்கு அடையாளமாக ஒரு மணியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். பிறந்த மகன் சொஹ்ராப், அப்பாவைத் தேடி எதிரிப் படையின் தலைவனாக வருகிறான். இருவரும் மோதுகிறார்கள். யார் என்று மகன் கேட்டும் ருஸ்தம் பெயர் சொல்வதில்லை. கடைசியில் மகனின் மார்பில் கத்தி இறங்குகிறது. “என் அப்பா ருஸ்தம் உன்னைச் சும்மா விட மாட்டார்” என்கிறான் சாகும் பிள்ளை. கையில் கட்டிய மணி தெரிகிறது.

ருஸ்தம் அரசனிடம் ஆளனுப்பி ‘நோஷ்தாரு’ என்ற உயிர்காக்கும் மருந்தைக் கேட்கிறான். தந்தையும் மகனும் சேர்ந்தால் தன் அரியணைக்கு ஆபத்து என்று பயந்து அரசன் தர மறுக்கிறான். மகன் இறந்துபோகிறான். காலம் கடந்து வரும் உதவியை ஈரானியர்கள் இன்றும் ‘சொஹ்ராப் செத்த பிறகு நோஷ்தாரு’ என்பார்கள். நாம் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்போமே, அதுதான்.

இந்த நூலை ஃபிர்தௌசி கஸ்னி முகமதுவுக்குக் காணிக்கையாக்கினார். முகமது துருக்கிய இனத்தவர், ஆனால் அவருடைய அவை பாரசீகக் கவிஞர்களால் நிரம்பியிருந்தது. இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் தேவைப்படும்.

உமர் கய்யாம் குடித்துக்கொண்டே பாடினவரா?

அவர் காலத்தவருக்கு அவர் முதலில் கணித மேதை, வானியலாளர். நிஷாபூர்க்காரர் (1048–1131). முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளால் தீர்த்தவர். 1079-இல் வந்த ஜலாலி நாட்காட்டியை உருவாக்கிய குழுவில் இருந்தவர். இன்றைய ஈரானின் நாட்காட்டிக்கு அதுதான் மூதாதை. அவர் பெயரில் உள்ள நாலடிப் பாடல்களில் எவை உண்மையில் அவருடையவை என்பது இன்னும் தீராத வழக்கு. 1859-இல் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு ஆங்கிலத்தில் தந்ததுதான் உலகப் புகழுக்குக் காரணம். அதன் வழியாகக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தமிழாக்கினார். மர நிழலில் கவிதைப் புத்தகமும் மதுவும் நீயும் போதும் என்கிற புகழ்பெற்ற பாட்டில், கையிலிருக்கும் புத்தகத்தைக் கவிமணி ‘கம்பன் கவி’ ஆக்கிவிட்டார். மூலத்திலிருந்து விலகல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லால் நிஷாபூர்த் தோட்டம் நாஞ்சில் நாட்டுத் தோப்பாகிவிட்டது. எனக்கு அதில் குறையே தெரியவில்லை.

ரூமி, ஸஅதி, ஹாஃபிஸ்: மூவரில் யார் பெரியவர்?

ஒருவரை மற்றவரோடு எடை போட்டுப் பார்க்க முடியாது. ரூமி (1207–1273) பல்க் வட்டாரத்தில் பிறந்து இன்றைய துருக்கியின் கோன்யாவில் அடங்கியவர். அவரது ‘மஸ்னவி’ ஆறு பாகம், சுமார் 25,000 ஈரடி. நாணல் காட்டிலிருந்து வெட்டப்பட்ட புல்லாங்குழல் பிரிவை நினைத்து அழுவதோடு தொடங்குகிறது. இணையத்தில் ரூமி பெயரில் சுற்றும் பொன்மொழிகளில் பல அவருடையவை அல்ல, அல்லது அவற்றிலிருந்து அவருடைய இஸ்லாம் உருவப்பட்டிருக்கிறது. அவர் குர்ஆனில் ஊறியவர் என்பதை மறந்தால் மஸ்னவியில் பாதி புரியாது.

ஸஅதி ஷிராஸ்காரர். ‘பூஸ்தான்’ 1257-இல், ‘குலிஸ்தான்’ 1258-இல். அந்த 1258-இல்தான் மங்கோலியர் பாக்தாதை அழித்தார்கள். ஊரெல்லாம் தீ எரியும்போது ‘ரோஜாத் தோட்டம்’ என்று பெயர் வைத்து ஒரு நூல்! சின்னக் கதை, நடுவில் ஒரு கவிதை, கூர்மையான புத்தி. இந்தியாவில் பல நூற்றாண்டுகள் பாரசீகம் படித்த பிள்ளைகளுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

ஹாஃபிஸும் ஷிராஸ்தான், 1390 வாக்கில் இறந்தார். ஏறத்தாழ 500 கஸல்கள். குளிர்காலத்தின் மிக நீண்ட இரவான ‘யல்தா’வில் ஈரானியக் குடும்பங்கள் மாதுளையும் தர்ப்பூசணியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மனத்தில் ஒன்றை நினைத்து ஹாஃபிஸ் நூலைத் திறந்து குறி பார்ப்பார்கள். கவிதைத் தொகுப்பைக் குறி கேட்கும் அளவுக்கு நம்புகிற மக்கள்!

கஸல் என்றால் என்ன? தமிழில் எழுத முடியுமா?

தனித்தனியே நிற்கக்கூடிய ஈரடிகளின் மாலை. ஒவ்வோர் ஈரடியின் முடிவிலும் ஒரே சொல் அல்லது தொடர் திரும்ப வரும், அது ‘ரதீஃப்’. அதற்கு முன்னால் ஒலியொப்புள்ள சொல், அது ‘காஃபியா’. முதல் ஈரடியில் மட்டும் இரண்டு அடியிலும் வரும். கடைசி ஈரடியில் கவிஞர் தன் பெயரை வைப்பார்.

தமிழின் காது அடியின் தொடக்கத்தில் கூர்மையானது. மோனையும் எதுகையும் அங்கேதான். பாரசீகத்தின் காது முடிவில். நம் யாப்பில் இதற்கு நெருக்கமானது இயைபு, அதை நாம் அவ்வளவாகப் போற்றவில்லை. ஆனாலும் முடியும். கவிக்கோ அப்துல் ரகுமான் ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ என்ற தொகுப்பில் செய்து காட்டினார்.

சரி, அந்த ‘ஊ’ விஷயம். கஸலில் வரும் காதலர் ஆணா, பெண்ணா, கடவுளா? பாரசீகத்தில் சொல்லவே தேவையில்லை, மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கலாம். தமிழில் மொழிபெயர்ப்பவர் அவனா அவளா என்று முடிவெடுத்தாக வேண்டும், எடுத்த உடனே இரண்டு கதவு மூடிவிடும். ‘நீ’ என்று முன்னிலையில் கொண்டுபோவதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். ஆழ்வார் பாசுரங்களில் பழகிய நமக்குக் காதலும் பக்தியும் ஒரே குரலில் வருவது புதிதல்ல.

ஈரானியர் அல்லாதவர்கள் ஏன் இத்தனை பேர் பாரசீகத்தில் எழுதினார்கள்?

கஸ்னி முகமதுவை நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான். பாரசீகத்தைத் தூக்கிச் சுமந்தவர்களில் பலர் பாரசீகர்கள் அல்லர். துருக்கியர், உஸ்பெக்குகள், இந்தியர்கள். தாய்மொழி வேறு, கவிதைக்கும் கடிதத்துக்கும் கணக்குக்கும் பாரசீகம். 1514-இல் சால்திரான் போர்க்களத்தில் மோதிய இருவரைப் பாருங்கள். உஸ்மானிய சுல்தான் முதலாம் சலீம் கவிதை எழுதியது பாரசீகத்தில். ஈரானின் ஷா இஸ்மாயில் எழுதியது பெரும்பாலும் துருக்கியில்.

இந்தியாவில் அமீர் குஸ்ரோ (1253–1325) முதல் பெரும் பெயர். துருக்கியத் தந்தை, இந்தியத் தாய். ‘இந்தியாவின் கிளி’ என்று பட்டம். 1318-இல் எழுதிய நூலில் இந்திய மொழிகளைப் பெருமையோடு பட்டியலிடுகிறார். அதில் ‘மஅபரி’ என்பது நம் தமிழ். சோழமண்டலக் கரையை அரபியர் மஅபர் என்றார்கள். அக்பர் காலத்தில் 1582-இல் ஆட்சிமொழியாக எல்லா நிலையிலும் பாரசீகமே ஆனது. அதே காலத்தில் மகாபாரதம் ‘ரஸ்ம்நாமா’ என்று பாரசீகத்துக்குப் போனது. 1657-இல் இளவரசர் தாரா ஷிகோ ஐம்பது உபநிடதங்களைப் பெயர்க்கச் செய்தார். அதிலிருந்து லத்தீன், லத்தீனிலிருந்து ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவர் கைக்கு. உபநிடதம் ஐரோப்பாவுக்குப் போனதும் பாரசீகத்தின் தோளில்தான்.

இந்தியாவில் எப்போது மறைந்தது?

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் முதலில் அதைப் படித்தே ஆள வேண்டியிருந்தது. வில்லியம் ஜோன்ஸ் 1771-இல் பாரசீக இலக்கணம் எழுதினார். 1837-இல் வந்த சட்டம் நீதிமன்றங்களிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் அதை எடுத்தது. கவிதை உடனே நின்றுவிடவில்லை. காலிபும் இக்பாலும் உருதுவோடு பாரசீகத்திலும் எழுதினார்கள்.

தமிழில் எவ்வளவு பாரசீகம் கலந்திருக்கிறது?

நாம் நினைப்பதைவிட அதிகம். ஆற்காட்டு நவாபுகளின் அலுவல்மொழி பாரசீகம். 1855-இல் இறந்த கடைசி நவாப் பாரசீகக் கவிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தவர். அந்த அலுவலகங்களிலிருந்து சொற்கள் ஊருக்குள் இறங்கின.

ரசீது என்றால் ‘வந்து சேர்ந்தது’. குமாஸ்தா என்றால் ‘அமர்த்தப்பட்டவர்’. பந்தோபஸ்து ‘கட்டும் பிணைப்பும்’. சுமார் என்றால் அங்கே ‘எண்ணிக்கை’, இங்கே ‘ஏறக்குறைய’ ஆகி, அப்புறம் ‘படம் சுமார்தான்’ என்ற இடம் வரை வந்துவிட்டது. சிபாரிசு, சராசரி, உஷார், கஜானா, தர்பார், காகிதம், சால்வை, கம்மி, குஷி எல்லாம் அந்த வழிதான். சபாஷ் என்பது ‘ஷாத் பாஷ்’, மகிழ்ந்திரு. கச்சேரியில் பாடகருக்குச் சொல்லும் அந்த ‘பேஷ்’ கூட ‘மேலும், மிகுதி’ என்ற பாரசீகச் சொல்தான்.

என்னை மிகவும் கவர்ந்தது ‘தார்’. பாரசீகத்தில் ‘வைத்திருப்பவர்’. ஜமீன்தார் நிலம் வைத்திருப்பவர். தாசில்தாரில் ‘தாசில்’ அரபி, வசூல். ஜமீன் போன பிறகும் தார் போகவில்லை. பங்குதாரர், சந்தாதாரர், ஒப்பந்ததாரர் என்று நாமே புதிதாகச் செய்துகொண்டோம். அரசுப் படிவத்தில் ‘விண்ணப்பதாரர்’ என்று இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடும்போது பாருங்கள்: விண்ணப்பம் வடமொழி வேரிலிருந்து வந்தது, தார் பாரசீகம், மரியாதைக்குச் சேர்த்த ‘அர்’ தமிழ். வருவாய்த் துறையில் இன்றும் ஆண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது, பெயர் பசலி. 2024 ஜூலையில் பிறந்தது 1434-ஆம் பசலி. முகலாயர் காலத்து அறுவடைக் கணக்கு அது. ஜமாபந்தியில் இன்றும் அந்த எண்தான்.

தமிழர் வாழும் இடங்களில் கண்ணால் பார்க்கும்படி ஏதாவது உண்டா?

உண்டு. சென்னை பரங்கிமலைக்குப் போங்கள். (‘பரங்கி’யும் பாரசீக ‘ஃபரங்கி’யிலிருந்து வந்ததுதான்.) மலைமேல் கோயிலில், 1547-இல் போர்ச்சுகீசியர் அடித்தளம் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை இருக்கிறது. அதைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்து பஹ்லவி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது. பாரசீகத் திருச்சபையோடு உறவு கொண்ட கிறிஸ்தவர்கள் விட்டுச் சென்றது. கேரளத்தில் 849-ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டில் வட்டெழுத்துச் சாசனத்தோடு சாட்சிகளின் கையெழுத்துகள் அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் இருக்கின்றன.

இலங்கையில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது காலிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நிறுத்தியது, 1409 என்று தேதியிட்டது. 1911-இல் காலி நகரத்தில் கிடைத்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்குக் காணிக்கை சொல்கிறது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் எல்லாருக்கும் உண்டு. இந்துமாக்கடலில் வணிகம் செய்ய எந்த மொழிகள் வேண்டும் என்று ஒரு சீன அதிகாரி நினைத்தார் என்பதற்கு இந்தக் கல் சாட்சி.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1933-இல் முதல் பாரசீகப் பேசும்படம் ‘லோர் பெண்’. இரண்டும் மும்பையில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தில் எடுத்தவை.

இன்று எங்கே பேசுகிறார்கள்?

ஈரானில் ஃபார்ஸி, ஆப்கானிஸ்தானில் தரி, தஜிகிஸ்தானில் தஜிக். மூன்றும் ஒரே மொழியின் வடிவங்கள். தஜிக் மட்டும் சோவியத் காலத்திலிருந்து ரஷ்ய எழுத்தில். அதனால் ரூதகீ பிறந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அவர் பாட்டு காதில் விழுந்தால் புரியும், பழைய ஏட்டில் பார்த்தால் படிக்க வராது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

புதிய இலக்கியம்?

நீமா யூஷிஜ் (1897–1960) பழைய யாப்பை உடைத்தார். சாதிக் ஹிதாயத்தின் ‘குருட்டு ஆந்தை’ முதலில் வெளிவந்தது மும்பையில், 1930-களில். பஹ்லவி படிக்க அங்கே வந்தவர், சில பிரதிகள் மட்டும் நகலெடுத்தார். ஃபொரூக் ஃபரோக்சாத் (1934–1967) ஒரு பெண்ணின் உடலையும் ஆசையையும் தன் பெயரிலேயே எழுதினார். 32 வயதில் கார் விபத்தில் போய்விட்டார்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஷாநாமாவில் ருஸ்தம்–சொஹ்ராப் பகுதி முதலில். பிறகு குலிஸ்தான், ஒரு நாளைக்கு ஒரு கதை. ஹாஃபிஸை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். மொழிபெயர்ப்பில் பாதி நழுவிவிடும். அதற்கு முன் பாரசீகத்திலேயே யாராவது ஒரு கஸலைப் பாடிக் கேளுங்கள், பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.